கடல்பாசிக் குழுல ஒத்துமையே வர மாட்டேங்குது, சின்னப் புள்ளைக விளையாட்டுல இருந்து நம்ம கத்துக்க ஏதாச்சும் இருக்கா?

பாசிக்காரி_வடகடல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மண்டபத்துக்குப் பக்கத்துல வடகடல் ஓரம், கடல்பாசி வளக்குறதுதான் பொழப்பு. எங்க குழுல அஞ்சு பொம்பளைக. மூங்கில்ல 12 அடிக்கு 12 அடி மிதவை கட்டி, கயித்துல விதைப்பாசிய முடிஞ்சு கடல்ல இறக்கி, 45 நாள் கழிச்சு எடுத்துக் காயவச்சு எடை போடணும், இந்தப் பக்கத்து ஆளுகளுக்குத் தெரியும், தெரியாதவுகளுக்காகச் சொல்றேன். கடன் குழு பேருல. ஆனா மிதவை ஆளுக்கு இம்புட்டுன்னு தனித்தனி, எடைக் கணக்கும் தனித்தனி. வேலை மட்டும் சேந்து பாத்தாகணும், ஒத்த ஆளு மிதவைய இழுத்துட்டுப் போயி நங்கூரம் போட முடியாதுல்ல.

இங்கதான் வம்பு. தன் மிதவைக்குப் பாசி கட்டும்போது முடிச்சு இறுக்கமா விழுது, அடுத்தவ மிதவைக்குக் கட்டும்போது நாலு நாள்ல அவுந்து போகுது. அடியில வலை கிழிஞ்சு ஓரா மீனு புகுந்து பாசிய மேஞ்சுட்டுப் போயிருக்கும், பாத்தவ வாயத் தொறக்க மாட்டா, ஏன்னா அது அவ மிதவை இல்ல. எங்க குழுல ஒரு அக்காவுக்கு மூட்டு வலி, தண்ணிக்குள்ள இறங்க முடியாது, கரையில இருந்து கட்டுறது காயவைக்கிறதுன்னு அவுகதான் பாக்குறாக, அதுக்கும் ஒரு பேச்சு, "நாங்க நெஞ்சளவு தண்ணில நிக்கிறோம் அவுக நிழல்ல உக்காந்திருக்காக"ன்னு.

போன மாசம் ஒரு ட்ரெயினிங்குன்னு கூட்டிட்டுப் போனாக. ஹால்ல உக்காரவச்சு சார்ட் பேப்பர், கலர் ஸ்கெட்ச்சு, ஒத்தக் குச்சிய ஒடிக்கலாம் கட்டுக் குச்சிய ஒடிக்க முடியாதுன்னு கதை, சமோசா டீ. திரும்பி வர்ற வேன்லயே ஜன்னல் சீட்டுக்குச் சண்டை.

ஆனா அதே சண்டைக்காரிக பெத்த புள்ளைக சாயங்காலம் பொட்டல்ல என்னமா விளையாடுதுக தெரியுமா. நேத்துப் பாத்தேன், ஒரு பயலுக்குக் கையில மாவுக்கட்டு. அவன வீட்டுக்குப் போடான்னு சொல்லல. ஒத்தக் கையால பேட் பிடிக்கணும், அவனுக்கு மட்டும் ரெண்டு உசுரு, ஓட வேண்டாம் அவனுக்குப் பதிலா இன்னொருத்தன் ஓடுவான், பீல்டிங் வரும்போது அவன்தான் அம்பயர். இதெல்லாம் பேசி முடிக்க ஒரு நிமிசம்கூட ஆகல, எந்த மீட்டிங்கும் போடல, யாரும் தீர்மானம் நிறைவேத்தல. நாங்க ஒரு நோட்டுப் புத்தகத்த யாரு வீட்டுல வைக்கிறதுன்னு முடிவு பண்ண ரெண்டு வாரம் ஆச்சு.

அதான் சீரியஸா கேக்குறேன், புள்ளைகளுக்கு இது எப்படி வருது, நமக்கு ஏன் வரல? குழந்தை மனசு, கள்ளம் கபடம் இல்லன்னு மட்டும் சொல்லாதீக, நான் ரெண்டு பெத்தவ, எனக்குத் தெரியும் அதுகளோட கபடம்.

---

ஓய்வு_வாத்தியார்:

அம்மா, நல்ல கேள்வி. இந்த மாவட்டத்துக் கடலோரப் பள்ளிக்கூடங்கள்லயே காலம் முழுக்க ஓட்டினவன் நான், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுத்துக்கணும்.

நீங்க கபடியோ கிளித்தட்டோ விளையாடியிருப்பீங்க. அணி பிரிக்க உத்தி கட்டுறது ஞாபகம் இருக்கா? ரெண்டு தலைவன் ஒரு ஓரமா உக்காந்துக்குவான். மத்த பசங்க ரெண்டு ரெண்டு பேரா தோள்ல கைபோட்டுக்கிட்டு கருவ மரத்துக்குப் பின்னாடி போயி ரகசியமா ஆளுக்கொரு பேரு வச்சுக்கிட்டு வருவாங்க. "வானம் வேணுமா பூமி வேணுமா", "சுறா வேணுமா திருக்கை வேணுமா". தலைவன் ஒண்ணைச் சொல்லுவான், அந்தப் பேருக்கு உரியவன் அந்தப் பக்கம், இன்னொருத்தன் எதிர்ப் பக்கம். அடுத்த ஜோடிக்கு அடுத்த தலைவன் முதல்ல கேப்பான். அவ்வளவுதான்.

இதுல என்ன இருக்குன்னு நிதானமா பாருங்க. ஜோடி சேர்றவன் தனக்குச் சமமானவனோடதான் சேரணும். நல்லா ஓடுறவன் நல்லா ஓடுறவனோட, சுமாரு சுமாரோட. ரெண்டு பெரிய கையும் ஒரே பக்கம் போக வழியே கிடையாது. எவனாவது சாமர்த்தியமா ஒரு நோஞ்சானைக் கூட்டிட்டு வந்து நின்னா மத்த பசங்களே "ஏய், ஜோடி செல்லாது"ன்னு கத்திருவாங்க. அப்புறம், தலைவனுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கிற அதிகாரம் கிடையாது, பேரைத்தான் தேர்ந்தெடுக்கிறான். தன் சொந்தக்காரனை இழுத்துக்க முடியாது. எல்லாத்துக்கும் மேல, கடைசியா மிஞ்சினவன்னு ஒரு அவமானம் எந்தப் பயலுக்கும் கிடையாது. பி.டி. வாத்தியார் விசில் ஊதி "நீ இங்க, நீ அங்க"ன்னு பிரிச்ச அணிகள் அரைமணி நேரத்துல சண்டையில முடிஞ்சதையும் பாத்திருக்கேன், உத்தி கட்டிப் பிரிஞ்ச அணி இருட்டுற வரைக்கும் ஆடுனதையும் பாத்திருக்கேன். ஆடுனது அதே பசங்கதான்.

அடுத்தது ஒப்புக்குச் சப்பாணி. அண்ணன்கூட வந்து அழுற சின்னப் பொடிசு. அவனை விரட்டினா அவன் வீட்டுல போயிச் சொல்லுவான், ஆட்டமே நின்னுடும். அதனால அவனுக்கு ஒரு இடம். அவன் தொட்டா அவுட் இல்ல, அவனைத் தொட்டாலும் அவுட் இல்ல. ஆனா வருசம் போகப் போக அவனே ஒரு நாள் "நான் இனிமே சப்பாணி இல்ல"ன்னு சொல்லுவான், பெரிய பசங்க ஒரு ஆட்டம் சோதிச்சுப் பாத்துட்டுச் சேத்துக்குவாங்க. உங்க மாவுக்கட்டுப் பையன் கதையும் அதே கணக்குதான். ஆளுக்கேத்தபடி விதியை வளைக்கிறாங்க. நாம விதியை முதல்ல எழுதி வச்சுட்டு அதுக்குள்ள ஆளை அமுக்கப் பாக்கிறோம்.

உங்க குழுவுல வேலையை யாரு பிரிச்சுக் குடுக்கிறா? தலைவியா? அங்கதான் கோளாறு இருக்கும்னு எனக்குப் படுது.

---

கீழக்கரை_தம்பி:

வாத்தியார் சார் சொன்ன உத்தி மேட்டர படிச்சதும் எங்க ஆபீஸ்ல ரிசோர்ஸ் அலொகேஷன் மீட்டிங் ஞாபகம் வந்து சிரிச்சுட்டேன், இத அங்க கொண்டு போனா எங்க மேனேஜர் வேலைய விட்ருவார்.

லாத்தா (எங்க ஊர்ல அக்காவ அப்படித்தான் கூப்புடுவோம்) நீங்க கேட்டதுக்கு நேரா சம்பந்தப்பட்ட ஒரு விளையாட்டு இருக்கு. மார்ஷ்மெல்லோ சேலஞ்சுன்னு சொல்வாங்க. பீட்டர் ஸ்கில்மேன்னு ஒரு டிசைனர் உருவாக்குனது, டாம் வூஜெக்னு இன்னொருத்தர் ஊர் ஊரா நடத்தி 2010ல டெட் மேடைல பேசுனதுக்கு அப்புறம் உலகம் பூரா பரவிடுச்சு. நாலு பேரு ஒரு டீம். 20 ஸ்பகெட்டி குச்சி (காஞ்ச நூடுல்ஸ் மாதிரி), கொஞ்சம் டேப்பு, கொஞ்சம் நூலு, மெத்துன்னு ஒரே ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். 18 நிமிஷத்துல தானா நிக்கிற கோபுரம் கட்டணும், உச்சில அந்த மிட்டாய் இருக்கணும். எவன் கோபுரம் உசரமோ அவன் ஜெயிச்சான்.

வூஜெக் என்ன சொல்றார்னா ரொம்ப மோசமா கட்டுறவங்கள்ல எம்பிஏ முடிச்சு வர்ற பசங்க முன்னாடி நிக்கிறாங்களாம், கிண்டர்கார்டன் முடிச்ச புள்ளைங்க அவங்கள அசால்ட்டா தாண்டிப் போகுதாம். பெரியவங்க முதல்ல யாரு லீடர்னு ஜாடையா ஒரு போட்டி போடுவாங்க, அப்புறம் பிளான், அப்புறம் படம் வரையுறது, அப்புறம் கட்டுறது, கடைசி நிமிஷத்துல மிட்டாய மேல வச்சதும் பாரம் தாங்காம பொத்துனு விழும். சின்னதுங்க முதல்லயே மிட்டாய நடுவுல வச்சுக்கிட்டு ஆரம்பிக்கும். குட்டியா ஒண்ணு கட்டி நிக்குதா பாக்கும், விழுந்தா சிரிச்சுட்டு மாத்தும், மறுபடி கட்டும். அதாவது 18 நிமிஷத்துல அதுங்களுக்கு நாலஞ்சு தடவை பாடம் கிடைக்குது, எம்பிஏக்காரனுக்கு ஒரே ஒரு தடவை, அதுவும் டைம் முடிஞ்சப்புறம்.

ஆனா இதையும் சொல்லணும், எல்லாரையும் விட நல்லா கட்டுறது இஞ்சினியரும் ஆர்க்கிடெக்டும்தான், அதனால குழந்தைதான் கடவுள்னு கிளம்பிட வேணாம். இன்னொண்ணு, கம்பெனி சிஇஓ மட்டும் இருக்குற டீம விட, அவங்களோட எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டெண்ட்டையும் சேத்த டீம் நல்லா பண்ணுதாம். வேலைய ஒருங்கிணைக்கத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் உள்ள வேணும்ல. உங்க குழுல அந்த மாதிரி யாரு? கத்தாம காரியத்த நகத்துற ஒருத்தர் கண்டிப்பா இருப்பாங்க.

எங்க ஆபீஸ்ல இத நடத்துனப்ப ஒரு டீம் பூராவும் ஏழு நிமிஷம் கோபுரத்துக்குப் பேரு வைக்கிறதுல போச்சு, அல்லாஹ் சத்தியமா.

---

மூணு_வாலு_அம்மா:

மன்னிக்கணும், நான் கொஞ்சம் எதிர்க் கட்சி. நீங்க எல்லாரும் எந்த ஊரு புள்ளைகளப் பத்திப் பேசுறீங்கன்னு தெரியல. எங்க தெருவுல பேட் எவன்கிட்ட இருக்கோ அவன்தான் முதல் பேட்டிங், அவன் அவுட்டானா அது நோ பால். போன வாரம் பேட்ட எடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டான் என் ரெண்டாவது, அந்தப் பக்கம் பத்துப் பயக தென்னமட்டைய வெட்டி ஆடிக்கிட்டு இருக்கானுக. இதுல என்ன டீம் ஒர்க்? கருப்பா இருக்கான்னு ஒருத்தனுக்குப் பட்டப்பேரு, திக்கிப் பேசுறவன் மாதிரியே பேசிக் காட்டுறது, பொம்பளப் புள்ளைகள ஆட்டத்துக்கே சேக்குறது இல்ல. பெரியவுக செய்யுற அத்தனை அழும்பும் அங்க இருக்கு, என்ன ஒண்ணு, சின்ன சைஸு.

வாத்தியாரய்யா உத்தி கட்டுறதப் பத்தி அழகா சொன்னீங்க. ஆனா இன்னைக்கு எந்தப் பய உத்தி கட்டுறான்? மொபைல்ல விளையாடுறானுக, அங்க டீமு பிரிச்சுக் குடுக்குறது மெசினு.

அக்கா, கோவிச்சுக்காதீங்க, உங்க பிரச்சினை துட்டு. புள்ளைகளுக்கு ஆட்டத்துல துட்டு இல்ல, அதான் சிரிச்சுக்கிட்டுப் போகுதுக. ஒரு ரன்னுக்கு அம்பது ரூவான்னு சொல்லிப் பாருங்க, மாவுக்கட்டுக்காரனுக்கு ரெண்டு உசுரு எவன் குடுக்குறான்னு பாக்கலாம்.

---

பாசிக்காரி_வடகடல்:

@மூணு_வாலு_அம்மா கோவமெல்லாம் இல்ல தாயி, நீங்க சொன்ன கடைசி வரிதான் எனக்கு நெஞ்சுல தைச்சுச்சு. ஆனா அந்தத் தென்னமட்டைய வெட்டி ஆடுனாங்கன்னு சொன்னீங்க பாருங்க, பேட்டுக்காரன் போயிட்டான்னு ஆட்டத்த நிறுத்தல, அது டீம் ஒர்க்கு இல்லையா?

@ஓய்வு_வாத்தியார் ஆமாங்க சார், தலைவிதான் பிரிக்கிறாக. அவுக தங்கச்சியும் குழுல இருக்கா. இதுக்கு மேல நான் சொல்லல, ஊர்க்காரி யாராச்சும் படிப்பா.

@கீழக்கரை_தம்பி கத்தாம காரியத்த நகத்துற ஆளு அந்த மூட்டு வலி அக்காதான் தம்பி. எந்த மிதவை என்னைக்கு இறக்குனதுன்னு நோட்டப் பாக்காம சொல்லுவாக.

---

வேதாளை_கரைவலை:

நான் இங்க அதிகம் எழுதுறது இல்ல, படிச்சுட்டுப் போயிருவேன், ஆனா இது நம்ம தொழில் சம்பந்தப்பட்டதா இருக்கு.

எங்க அப்பா காலத்துல இருந்து கரைவலை. தெரியாதவுகளுக்கு, வலைய வள்ளத்துல ஏத்தி அரைவட்டமா கடல்ல விட்டுட்டு, ரெண்டு நுனிக் கயித்தையும் கரையில ரெண்டு கூட்டமா நின்னு இழுப்போம். மணிக்கணக்கா இழுக்கணும். இழுக்க இழுக்க ரெண்டு கூட்டமும் ஒண்ண நோக்கி ஒண்ணு நகந்து வரணும், கடைசில மடி (வலையோட பை மாதிரி பகுதி) நடுவுல வந்து சேரும். இதுல சூட்சுமம் என்னன்னா ஒரு பக்கம் வேகமா இழுத்தா பிரயோசனம் இல்ல. மடி கோணிப் போகும், மீனு பக்கவாட்டுல ஓடிரும். தெக்குப் பக்கத்து ஆளு பலசாலியா இருந்தாலும் வடக்குப் பக்கத்து ஆளு வேகத்துக்குத்தான் இழுக்கணும். அதுக்குத்தான் அம்பா பாட்டு, ஒருத்தர் எடுத்துக் குடுப்பாக மத்தவுக ஏலேலோன்னு வாங்குவாக, பாட்டு மூச்சுக்கும் காலடிக்கும்.

லீவு நாளுன்னா சின்னப் பயக வந்து நிப்பாங்க. எவனும் கூப்புட மாட்டோம். கொஞ்ச நேரம் வேடிக்கை பாப்பான், அப்புறம் பாருங்க, கயிறு எந்த எடத்துல தொய்யுதோ சரியா அந்த எடத்துல போயிப் பிடிப்பான். பெரிய ஆளு ஒருத்தன் புதுசா வந்தா "நான் எங்க நிக்கணும்"னு கேப்பான், எனக்கு என்ன கூலின்னு கேப்பான், நியாயம்தான். சின்னப் பய கேக்க மாட்டான், கண்ணு வேலையில இருக்கும். இன்னொரு பொடியன் பின்னாடி ஈரக் கயித்தச் சுருட்டி அடுக்கிக்கிட்டு இருப்பான், அது எவன் சொல்லிச் செய்யுறான்? வலை கரையேறுனதும் பெரிய மீன பெரியாளுக எடுத்துக்கிட்டா இந்தப் பயகளுக்கும் கையில கொஞ்சம் விழும், சாளையோ காரலோ. அதையும் நாலு பேரும் மணல்ல கொட்டி எண்ணிப் பிரிச்சுக்குவாங்க, ஒத்தையா மிஞ்சுனத காக்காய்க்கு வீசிருவாங்களே தவிர ஒருத்தன் கூடுதலா எடுக்க விடமாட்டாங்க.

(படிப்ப விட்டுட்டு வலைக்கு வரச் சொல்றேன்னு யாரும் எடுத்துக்காதீக. எங்க வீட்டுல ரெண்டும் பள்ளிக்கூடம்தான் போகுது.)

அக்கா உங்க குழுல கோளாறு என்னன்னா வேலை கரைவலை மாதிரி, கணக்கு தூண்டி மாதிரி. தூண்டில ஆளுக்கு ஒரு முள்ளு, அவன் பிடிச்சது அவனுக்கு. கரைவலையில மடி ஒண்ணுதான். ரெண்டையும் போட்டுக் கலந்தா எப்படிக்கா விளங்கும்.

---

உளவியல்_படிக்கிறேன்:

வேதாளை அண்ணே, நீங்க சொன்ன "மணல்ல கொட்டி எண்ணிப் பிரிச்சுக்குவாங்க" விஷயத்த அப்படியே ஆய்வுக்கூடத்துல செஞ்சு பாத்திருக்காங்க, அதுவும் கயிறு வச்சே. ராமேஸ்வரம்தான் எனக்கும், இப்ப மதுரைல எம்எஸ்சி சைக்காலஜி படிக்கிறேன், இந்த செமஸ்டர் பேப்பர்லயே இது வந்துச்சு.

2011ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்த ஆய்வு. ஹமான், வார்னெகன், கிரீன்பெர்க், டொமசெல்லோ, இவங்க நாலு பேரு பண்ணது. மூணு வயசுப் புள்ளைங்க ரெண்டு ரெண்டு பேரா. ஒரு பலகை, அதுல கோலிக்குண்டு. ரெண்டு நுனியிலயும் கயிறு இருக்கும், ரெண்டு பேரும் சேந்து இழுத்தாத்தான் பலகை கிட்ட வரும். வந்து சேந்ததும் ஒரு புள்ளை பக்கம் மூணு கோலி, இன்னொண்ணு பக்கம் ஒரே கோலி வர்ற மாதிரி வேணும்னே செஞ்சிருப்பாங்க. மூணு கிடைச்ச புள்ளை பெரும்பாலும் ஒண்ண எடுத்து மத்ததுக்குக் குடுத்து ரெண்டு ரெண்டா ஆக்கிடும். இன்னொரு குரூப்புல சும்மா உள்ள வந்தா கோலி தயாரா இருக்கும், யாரும் இழுக்க வேண்டியது இல்ல. அங்க அந்த மாதிரி பிரிச்சுக் குடுக்குறது ரொம்பக் குறைவு. மூணாவது குரூப்புல ரெண்டு பேரும் இழுத்தாங்க, ஆனா ஆளுக்கு ஒரு கயிறு ஒரு பலகைன்னு தனித்தனியா. அங்கயும் குறைவுதான். சேந்து இழுத்தாத்தான் சமமா பிரிக்கணும்னு தோணுது, பக்கத்துல நின்னு அவங்கவங்க கயித்த இழுத்தா தோணல. இதே மாதிரி சிம்பன்சிக்கும் வச்சுப் பாத்தாங்க, அதுங்ககிட்ட இந்த வித்தியாசமே வரல.

மூணு வாலு அம்மா கேட்ட துட்டுக் கேள்விக்கும் பழைய ஆய்வு ஒண்ணு இருக்கு. மில்லார்ட் மேட்சன்னு ஒருத்தர் 1960கள்ல ஒரு பலகை வச்சிருந்தார், நாலு மூலைல நாலு புள்ளைங்க, நடுவுல ஒரு பேனா, அதுல நாலு நூலு. எல்லாரும் ஒத்து இழுத்தாத்தான் பேனா குறிப்பிட்ட வட்டத்து மேல போகும். எல்லா வட்டத்தையும் தாண்டுனா எல்லாருக்கும் பரிசுன்னு சொன்னப்ப எந்த ஊர்ப் புள்ளைங்களும் நல்லா ஒத்துழைச்சாங்க. அப்புறம் விதிய மாத்தி, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒருத்தன் பேரு, அவன் வட்டத்தத் தொட்டா அவனுக்கு மட்டும் பரிசுன்னு சொன்னாங்க. அமெரிக்க நகரத்துப் பசங்க ஆளுக்கொரு பக்கம் இழுத்தாங்க, பேனா நடுவுலயே நின்னுச்சு, யாருக்கும் ஒண்ணும் கிடைக்கல. மெக்சிகோ கிராமத்துப் புள்ளைங்க மட்டும் இப்ப உனக்கு, அடுத்து எனக்குன்னு முறை வச்சு எல்லாரும் வாங்கிட்டாங்க. குழந்தைன்னாலே ஒத்துமைன்னு இல்ல, குழந்தைன்னாலே சுயநலம்னும் இல்ல. பரிசு எப்படி வச்சிருக்கோம், அதுங்க வீட்டுல ஊர்ல என்னத்தப் பாத்து வளருதுங்க, ரெண்டும் சேந்துதான்.

அக்கா உங்க குழு கிட்டத்தட்ட அந்த ரெண்டாவது விதில ஓடிட்டு இருக்கு. வட்டத்துக்கு வட்டம் பேரு எழுதியிருக்கீங்க. முடிச்சு அவுறுறதுக்குக் காரணம் அந்தப் பொம்பளைங்க கெட்டவங்கன்னு நான் நினைக்கல.

---

மூணு_வாலு_அம்மா:

சரி, இதுக்கு நான் ஒத்துக்கிறேன். பேட்டுக்கும் இதேதான். பேட்டு அவனோடதுங்கிறதாலதானே அந்த அலட்டல். போன வருசம் தெருவுல எல்லாப் பயகளும் காசு போட்டு ஒரு பேட்டு வாங்குனானுக, அது உடையுற வரைக்கும் அந்தச் சண்டை வரல. அது யாரு வீட்டுல ராத்திரி இருக்கணும்னுதான் சண்டை வந்துச்சு, கடைசில கடைக்கார அண்ணாச்சி கடையில வச்சானுக.

அக்கா உங்க நோட்டுப் புத்தகத்தையும் கடையில வச்சிருங்க!

---

பாசிக்காரி_வடகடல்:

நோட்டு மேட்டர நீங்க விளையாட்டுக்குச் சொன்னாலும் நான் எடுத்துக்கிட்டேன், சங்கத்துக் கட்டடத்துல ஒரு அலமாரி இருக்கு, அங்க வைக்கலாம்.

இன்னைக்கு மத்தியானம் பாசி காயப்போட்டுட்டு இருக்கும்போது ரெண்டு பேருகிட்ட மெதுவா பேச்சுக் குடுத்தேன். எல்லா மிதவையவும் பொதுவாக்கி வர்ற காச அஞ்சாப் பிரிச்சா என்னன்னு. ஒருத்தி சரின்னா. ஒருத்தி "அப்ப வேலைக்கே வராதவளும் சமமா வாங்குவாளே"ன்னா. அதுவும் நியாயமான பேச்சுதானே, நான் என்னத்தச் சொல்ல.

வாத்தியார் சார்கிட்ட ஒண்ணு கேக்கணும். சப்பாணிக்கு ஆட்டத்துல இடம் உண்டு, ஆனா கணக்குல அவன் இல்ல. எங்க அக்காவுக்கு இடம் மட்டும் குடுத்தா போதாதே சார், அவுகளுக்கும் துட்டு வேணும், அவுக வீட்டுலயும் அடுப்பு எரியணும்ல. இதுக்குப் புள்ளைக விளையாட்டுல பதில் இருக்கா?

---

ஓய்வு_வாத்தியார்:

இல்லம்மா. நேர்மையாச் சொன்னா அதுக்கு அங்க பதில் இல்ல. சப்பாணி ஆட்டத்தோட எல்லை அதுதான், நீங்க சரியான இடத்துல பிடிச்சிட்டீங்க. ஆனா உங்க மாவுக்கட்டுப் பையனை மறுபடி யோசிங்க. அவனை யாரும் சப்பாணி ஆக்கல. அம்பயர் ஆக்கினாங்க, ஒத்தைக் கை பேட்டிங்கோட அவன் அடிச்ச ரன் கணக்குல சேந்துச்சு. உங்க அக்காவும் அப்படித்தானே. பாசி கட்டுறது, காயவைக்கிறது, தேதி ஞாபகம், இது மூணும் சரியில்லன்னா கடலுக்குள்ள நின்னவங்க உழைப்பும் வீண்தானே.

வேலைக்கு வராதவங்க விஷயத்துக்கு வேதாளைத் தம்பிதான் சொல்லணும், எனக்கு விளையாட்டுதான் தெரியும், வியாபாரம் தெரியாது.

---

வேதாளை_கரைவலை:

எங்க வலையில இருக்குற முறையச் சொல்றேன், ஊருக்கு ஊரு மாறும். வராத ஆளுக்கு அன்னைக்குப் பங்கு கிடையாது, அவ்வளவுதான், அதுல அழுகை இல்ல. வந்த ஆளு எந்த வேலை பாத்தாலும் ஒரே பங்கு. கயிறு சுருட்டுற பெருசுக்கும் முன்னாடி நின்னு இழுக்குற வாலிபனுக்கும் ஒண்ணுதான். ஏன்னு கேட்டா, அந்தப் பெருசுதான் நீவாடு (கடல் நீரோட்டம்) பாத்து இன்னைக்கு எங்க வலை விடலாம்னு சொல்றவரு. உடம்பு சரியில்லாம கிடந்தா மட்டும் கொஞ்ச நாளைக்கு அவுக வீட்டுக்கு மீனு போகும், அது கணக்குல வராது, மனசுல வர்றது.

ஒரேயடியா எல்லா மிதவையவும் பொதுவாக்காதீக அக்கா. கொஞ்சத்த மட்டும் பொது மிதவைன்னு வச்சு ஒரு தடவை எடுத்துப் பாருங்க, மிச்சம் எப்பவும் போல அவுகவுக பேருல இருக்கட்டும். பொது மிதவையில முடிச்சு நிக்குதான்னு உங்களுக்கே தெரிஞ்சு போகும். ஐப்பசி கார்த்திகைல வாடை கிளம்புறதுக்கு முன்னாடி செஞ்சிருங்க, அதுக்கப்புறம் மிதவை உடைஞ்சா அதுக்கும் குழுவத்தான் குத்தம் சொல்லுவாக.

---

கீழக்கரை_தம்பி:

வேதாளை காக்கா (அண்ணன்) சொன்னதுதான் அந்த மிட்டாய முதல்லயே வச்சுப் பாக்குறது. சின்னதா ஒண்ணு கட்டி நிக்குதா பாருங்க லாத்தா, பெரிய திட்டம் போட்டுட்டு வருஷக் கடைசில விழுந்தா தூக்க முடியாது.

---

பாசிக்காரி_வடகடல்:

சரி தம்பிகளா, இப்படிப் பண்ணப் போறோம். அடுத்த விதை கட்டும்போது கொஞ்சம் மிதவை பொதுவுல. அன்னைக்கு வேலைக்கு வந்தவுக பேர அக்கா எழுதுவாக, வந்தவுகளுக்குச் சமப் பங்கு, அக்காவுக்கும் அதேதான். சரின்னு சொன்னவ இப்ப இன்னொருத்தியையும் இழுத்துட்டு வந்துட்டா.

வேலை பிரிக்கிறதுக்கு உத்தி கட்டலாம்னு இருக்கேன். நீச்சல் நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேரு ஒரு ஜோடி, கட்டுறதுல கை வேகமா இருக்குற ரெண்டு பேரு ஒரு ஜோடி. அக்கா தனியா நின்னுருவாக, ஆனா அவுக வேலை கரையிலதான்னு ஏற்கனவே முடிவானது, அதனால பரவாயில்ல. ஒரே கவலை என்னன்னா தலைவி தங்கச்சியோட ஜோடி சேந்துட்டு வந்து நின்னா என்ன பண்றது?

---

ஓய்வு_வாத்தியார்:

ஜோடி செல்லாதுன்னு கத்துங்க. பசங்க அதைத்தான் செய்வாங்க. தனியாக் கத்தாதீங்க, மிச்சம் இருக்குற மூணு பேரும் சேந்து கத்தணும், சிரிச்சுக்கிட்டே.

---

மூணு_வாலு_அம்மா:

பேரு மட்டும் நல்லதா வைங்க அக்கா. வானம் பூமின்னு வச்சா தலைவிக்குத் தெரிஞ்சிரும், அவுகளும் சின்ன வயசுல ஆடுனவுகதானே. ஐஸ்கிரீமு வேணுமா டூத்பேஸ்ட்டு வேணுமான்னு கேளுங்க, உங்க பாசில இருந்து எடுக்குற பசை கடைசில அங்கதானே போகுது.